பேசக் கூடாத ஒரு மணி நேரம்

வெள்ளரிக்காயைக் கண்ணாடி போல மெல்லிசாகச் சீவி, ரொட்டித் துண்டுகளை அடுக்கிச் செய்த உப்புக் கேக்கின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள் ஐலா. மேஜைக்கு எதிர்ப்பக்கம் மகள் ரீக்கா உட்கார்ந்து புகார்க் கடிதத்தை இரண்டாம் தடவையாகச் சத்தம் போட்டுப் படித்தாள். காலை மணி ஏழு. பதினொன்றுக்குக் கணவர் ரைமோவை அடக்கம் செய்ய வேண்டும்.

"'ஆகவே, என் கணவரின் குறிப்புகளையும் வேறொரு நோயாளியின் குறிப்புகளையும் மருத்துவமனை மாற்றிவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.' எப்படி இருக்கு?"

"என் கணவரின்னு எழுதியிருக்கியே?"

"கையெழுத்துப் போடப்போறது நீதானேம்மா. அதான் நீ சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன்."

ரீக்கா ஊலு நகரத்தில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. கடிதம் எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நகராட்சிக்கு எழுதி எழுதியே பள்ளிக்குப் புதுக் கூரை வாங்கியவள். அப்பா போய்ப் பதினெட்டு நாளாகியும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு ஐலா பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக மருத்துவமனைத் தாள்களை வரவழைத்து, அச்செடுத்து, வரிக்கு வரி மஞ்சள் பூசி வைத்திருந்தாள்.

"இதைக் கேளு. ஆகஸ்ட் மாசம், தொண்டைக்குக் கதிர் சிகிச்சை முடிச்சுப் பன்னிரண்டு வாரம் கழிச்சு எடுத்த படம். 'குரல்வளையின் இடப்பக்கம் ஒளிர்வு தெரிகிறது. ஊசிக்குப் பிறகு நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்ததாக நோயாளி சொல்கிறார். தசை உழைத்ததால் வந்த ஒளிர்வாகவும் இருக்கலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கவும்.'" ரீக்கா தாளை மேஜையில் அடித்து வைத்தாள். "நீண்ட நேரம் பேசினாராம்! யாரு? எங்கப்பா! இதை இந்த ஊர்ல ஒரு ஆள் நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள்தான். ரைமோ முப்பத்தைந்து வருடம் காகித ஆலையில் காதை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் காதடைப்பானை மனதுக்குள் கழற்றவே இல்லை. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்குச் சொன்ன 'சரி'தான் அவர் நாலு பேர் முன்னால் பேசிய முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று ஐலாவே எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறாள். பேச வேண்டியதையெல்லாம் நாற்பத்தோரு வருடமாக அவருக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள்.

"அக்டோபரைப் பாரு. மறுபடி படம் எடுக்க வேண்டிய நாள். 'நோயாளிக்குக் காய்ச்சல் என்று மனைவி தொலைபேசியில் தெரிவித்தார். டிசம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது.' அக்டோபர்ல அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

ஐலா ஒரு துண்டு வெள்ளரியை ஒட்டினாள். அது சரியாக உட்காரவில்லை என்று எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். "ஞாபகம் இல்ல."

"வரல. என்கிட்ட அத்தாட்சி இருக்கு. அதே நாள் கூடக் குளிச்ச பென்ட்டி மாமா அனுப்பின போட்டோ. பாரு, அப்பா ஏரியில கழுத்தளவு தண்ணியில நிக்கிறார். காய்ச்சல்காரன் அக்டோபர் ஏரியில நிப்பானா? வேற எவனோ ஒரு வாயாடிக் கிழவன், அவனுக்கு ஒரு பெண்டாட்டி, அவ போன் பண்ணியிருக்கா. அதையெல்லாம் அப்பா தாள்ல ஏத்தி வச்சிருக்காங்க. அந்தக் கிழவன் இன்னிக்கு ஜம்முனு உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருப்பான்." ரீக்காவின் குரல் ஒரு இடத்தில் இடறியது. தண்ணீர் குடித்துச் சரிப்படுத்திக்கொண்டாள். "அந்த டாக்டரம்மா பேரு ஸல்மேலா. முப்பது வயசுகூட இருக்காது போல. விசாரணை வரும். வேலை போனாலும் போகும். போகட்டும்."

"சின்னப் பொண்ணு," என்றாள் ஐலா.

"செத்தது எங்கப்பா." ரீக்கா தாள்களை அடுக்கினாள். "நீயும் கூடத்தானே போயிருந்தே? நிஜமா என்னதான் நடந்துச்சு?"

"உள்ள விட மாட்டாங்கடி. நான் கீழ காபிக் கடையில உக்காந்து சாக்ஸ் பின்னிட்டிருந்தேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதற்கு மேலே உள்ளதைத்தான் ஐலாவால் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குக் காலையில எனக்கு ரயில். இன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் கொடு."

"அடக்கம் முடியட்டும்," என்று சொல்லிவிட்டு ஐலா கேக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்பெட்டியில் வைத்தாள். பெட்டிக் கதவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். முகத்தில் குளிர் பட்டது இதமாக இருந்தது.

போன வருடம் பிப்ரவரியில்தான் தொண்டையில் புற்று என்று சொன்னார்கள். முதலில் கதிர் வைத்துப் பார்ப்போம், அதில் போகாவிட்டால் குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளை போடுவோம், அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஸல்மேலா படம் வரைந்து விளக்கினாள். குரலைப் பற்றி ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவள் ஒருத்தி வந்து, குரல்வளை இல்லாமலே எப்படிப் பேசலாம் என்று அரை மணி நேரம் நடித்துக் காட்டினாள். ரைமோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏரியில இறங்கலாமா?"

டாக்டர் தயங்கினாள். "துளை வழியா தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும். இறங்கலாம், ஆனா இடுப்பளவுதான்."

ரைமோ குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாகக் கோடையிலும் குளிரிலும் தினம் காலையில் ஏரியில் இறங்குகிறவர் அவர். ஏரி உறைந்துவிட்டால் பனியை அறுத்துத் துளை போட்டு இறங்குவார். கழுத்து மூழ்க நின்று, தலையில் கம்பளிக் குல்லாவோடு, எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே நிற்பார். அதைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஏறி வரும்போது அந்த முகத்தில் இருக்கிற வெளிச்சத்தை ஐலா வேறு எப்போதும் கண்டதில்லை. தன்னைப் பார்க்கும்போதும் கண்டதில்லை, ரீக்கா பிறந்தபோதும் கண்டதில்லை. அதில் அவளுக்குப் பொறாமைகூட உண்டு.

கதிர் வைத்த தொண்டை வெந்த புண். உடனே படம் எடுத்தால் புண்ணும் ஒளிரும், புற்றும் ஒளிரும், எது எதுவென்று தெரியாது. அதனால் பன்னிரண்டு வாரம் பொறுத்தார்கள். ஆகஸ்டில் படமெடுக்கும் நாளில் கதிரூட்டிய சர்க்கரையை ஊசியில் ஏற்றி, மங்கலான அறையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். பசியெடுத்த இடத்துக்குத்தான் அந்தச் சர்க்கரை ஓடிப் படத்தில் ஒளிருமாம். புற்றுக்குப் பசி அதிகம். ஆனால் உழைக்கிற தசைக்கும் பசிக்கும். ஆகவே பேசக் கூடாது, மெல்லக் கூடாது, பாட்டு முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை எச்சரித்தாள். "இவருக்கா சொல்றீங்க!" என்று சொல்லி ஐலா வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கீழே போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு டாக்டரின் அறையில் படத்தைப் பார்த்தார்கள். சாம்பல் நிறக் கழுத்தில், இடப்பக்கம், சிகரெட் நுனி போல ஒரு கங்கு.

"ஊசிக்கு அப்புறம் பேசினீங்களா?" என்று கேட்டாள் டாக்டர் ஸல்மேலா. எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

ரைமோ அந்தக் கங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேசினேன்," என்றார்.

"கொஞ்சமா, நிறையவா?"

"நிறைய."

"அறையில தனியாத்தானே இருந்தீங்க?"

"போன்ல. இவகூட."

டாக்டர் ஐலாவின் பக்கம் திரும்பினாள். அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தில், அது உண்மையாக இருந்துவிட்டால் தேவலையே என்ற ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. ரைமோ திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் அவர் கை மட்டும் வந்து ஐலாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டது. தெருவில் நடக்கும்போதுகூடக் கை கோத்துக்கொள்ளாத மனிதர்.

"ஆமா," என்றாள் ஐலா. "பேச்சை நிறுத்தவே இல்ல."

இப்போதே சதை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் கதிர் பட்ட இடம் ஆறாமல் போனாலும் போகும், இல்லாவிட்டால் ஆறு வாரம் பொறுத்து மறுபடி படமெடுக்கலாம் என்றாள் டாக்டர். "பொறுக்கலாம்," என்றார் ரைமோ. வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர். ஏன், ஏன் என்று ஐலா வழி முழுக்கக் கேட்டாள். ஏரி கண்ணில் பட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இடுப்பளவு," என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் வந்தது. மருத்துவமனையின் அழைப்புக் கடிதத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரைமோ துண்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். ஐலா கடிதத்தைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள், எண்ணை அழுத்திக் காய்ச்சல் என்று சொன்னாள். டிசம்பர் படத்தில் கங்கு ஒன்றாக இல்லை. கழுத்தில் கொத்தாக இருந்தது, நெஞ்சிலும் இருந்தது. இனி அறுவைக்கு வழியில்லை என்றார்கள். ஜனவரி பாதி வரைக்கும் ரைமோ பனித் துளையில் இறங்கினார். எந்தத் துளைக்குப் பயந்து பொய் சொன்னாரோ, அதே துளையைப் பிப்ரவரியில் கழுத்தில் போட்டுத்தான் கடைசி நாலு வாரம் மூச்சு விட வைத்தார்கள்.

அவர் செத்துப் பத்து நாள் கழித்து டாக்டர் ஸல்மேலா வீட்டுக்குப் போன் செய்தாள். "அந்தப் படத்தை நான் தினம் எடுத்துப் பார்க்கிறேன். அன்னிக்கே சதை எடுத்திருக்கணும். பேசினேன்னு அவர் சொன்னதை நான் நம்பியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க," என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஐலாவுக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "போன் பண்ணினதுக்கு நன்றி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

தேவாலயத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பெட்டியின் மேல் பூவை வைத்து, பூவில் கட்டிய பட்டியில் எழுதியிருப்பதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு, தலைகுனிந்து நிற்க வேண்டும். மனைவிதான் முதலில் வாசிப்பாள். பூக்கடைக்காரி ஒரு பக்கம் நிறைய வாசகங்கள் காட்டியிருந்தாள், நித்திய உறக்கம், அமைதிக் கரை என்றெல்லாம். ஐலா எதையும் எடுக்கவில்லை.

"நன்றி. ஐலா," என்று வாசித்தாள்.

"அப்பாவுக்கு. மகள் ரீக்கா," என்று வாசித்தாள் ரீக்கா, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற குரலில். திரும்பி வரும்போது ஒரு கணம் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று தெரியாமல் நின்றாள். ஐலா கையை நீட்டி இழுத்து உட்கார வைத்தாள்.

பென்ட்டி ஏரிக் குளியல் சங்கத்தின் சார்பில் பைன் கிளைகளைக் கொண்டுவந்தார். ரைமோவுக்கு நேர் எதிர் அவர், தூக்கத்தில்கூடப் பேசுவார் என்று அவர் பெண்டாட்டியே சொல்லுவாள். இருபத்திரண்டு வருடமும் அதே துளையில் ரைமோவுக்குப் பக்கத்தில் நின்றவர். "ரைமோவுக்கு. துளை திறந்தே இருக்கும்," என்று வாசித்தார். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

கல்லறையில் மண் இன்னும் கல்லாக இறுகிக் கிடந்தது. முந்தின நாள் சூடேற்றித்தான் தோண்டியிருந்தார்கள். ரீக்காவும் பென்ட்டியும் மற்ற நாலு பேருமாகப் பட்டைகளைப் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். ரீக்கா பக்கத்துப் பட்டை கடைசியில் சற்று வழுக்கியது. தலைப்பக்கம் தட்டென்று உட்கார்ந்த சத்தம் கேட்டு ஐலாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு எல்லாருமாக மண்வாரியை வாங்கி வாங்கி மூடினார்கள்.

சபைக் கூடத்தில் சால்மன் சூப்பும் கேக்கும் காபியும். பென்ட்டி கரண்டியால் கோப்பையைத் தட்டி எழுந்து நின்றார்.

"இருபத்திரண்டு வருஷத்துல ரைமோ துளைக்குள்ள நின்னு என்கிட்ட பேசினது மொத்தம் மூணு வார்த்தை. முதல் வருஷம் 'குளிர்'னு சொன்னான். பத்தாவது வருஷம் 'வழுக்குது'ன்னு சொன்னான், அதுக்குள்ள நான் வழுக்கி விழுந்துட்டேன். போன ஜனவரியில, கடைசித் தடவை, ஏறும்போது 'நல்லாயிருந்தது'ன்னான். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே வர மாட்டான்னு."

சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரீக்கா அம்மாவைப் பார்த்தாள். பார்த்தாயா, ஊரே சாட்சி சொல்கிறது என்று அந்தப் பார்வை சொன்னது. ஐலா கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்றவர்கள் தட்டிலும் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. காலையிலிருந்து அரைக் கம்பத்தில் தொங்கிய கொடியை, அடக்கம் முடிந்த முறைப்படி, பென்ட்டி உச்சி வரைக்கும் ஏற்றிவிட்டுக் காபி குடிக்க உள்ளே வந்தார். ரீக்கா மேஜையைத் துடைத்தாள். கடிதத்தை வைத்தாள். அதன் மேல் பேனாவை வைத்தாள்.

"பென்ட்டி மாமா, கீழ சாட்சின்னு இடம் விட்டிருக்கேன். அப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு நீங்க ரெண்டு வரி எழுதணும்."

"எழுதிட்டாப் போச்சு. பேச மாட்டான்னு எழுத எதுக்கு ரெண்டு வரி?" பென்ட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க வேகம் குறைந்தது. அக்டோபர் வரியில் விரலை வைத்துக்கொண்டு ஐலாவை நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல நீ போடு ஐலா," என்றார் மெதுவாக.

பேனா கையில் கனத்தது. கையெழுத்துப் போட்டால் போனில் மூக்கை உறிஞ்சிய அந்தப் பெண்ணின் தலையில் இடி விழும். உண்மையைச் சொன்னால் ரீக்காவுக்கு என்ன மிஞ்சும்? உங்கப்பாவுக்கு உன்னோடும் என்னோடும் இன்னும் பத்து வருஷம் இருப்பதைவிட, கழுத்தளவு தண்ணீரில் ஐந்து மாதம் நிற்பது பெரிதாகத் தெரிந்தது என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஐலாவாலேயே அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஏறி வரும்போது துண்டை நீட்டிக்கொண்டு கரையில் நின்றவள் அவள்தானே.

"அப்பா பேசினார்," என்றாள்.

"என்ன?"

"அன்னிக்கு, ஊசி போட்டப்புறம். எனக்குப் போன் பண்ணினார். தாள்ல இருக்கிறது அப்பாதான். யாரும் யாரையும் மாத்தல."

ரீக்கா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"எங்கப்பா. ஒரு மணி நேரம். போன்ல." ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். "அந்த போனை வாங்கிக் கொடுத்ததே நான். ஆறு வருஷமாச்சு. எனக்கு ஒரு தடவைகூடப் பண்ணினதில்ல. என் பிறந்த நாளுக்குக்கூட நீதான் பண்ணுவே, 'அப்பாவும் வாழ்த்துச் சொல்றார்'னு."

"தெரியும்."

"பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நர்ஸ் என் எதிர்லதான் சொன்னா."

"அப்புறம் ஏம்மா வைக்கல? டப்புனு வச்சிருக்க வேண்டியதுதானே!"

"நாப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையாப் பேசறார்," என்றாள் ஐலா. "எப்படிடி வைக்கிறது?"

சொல்லி முடித்தபோது அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் நடிப்பு எதுவும் இல்லை. அப்படி ஒரு போன் வந்திருந்தால் அவள் வைத்திருக்க மாட்டாள்தான்.

"காய்ச்சல்?"

"அதுவும் நான்தான். இன்னொரு படத்துல என்ன தெரியுமோன்னு பயந்து தள்ளிப் போட்டேன். அப்பா போகலாம்னுதான் சொன்னார்."

பென்ட்டி தலையைத் தூக்கினார். அவருக்குத் தெரியும். அக்டோபரில் பக்கத்தில் நின்று படமெடுத்தவர், இன்னிக்கு ஆஸ்பத்திரி நாளாச்சே என்று கேட்டும் இருப்பார். வாயைத் திறந்தார். ஐலா பார்த்த பார்வையில் மறுபடி மூடிக்கொண்டார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டதை அவள் அன்றுதான் முதல் தடவையாகக் கண்டாள்.

"அப்போ நீதான்..." ரீக்காவால் முடிக்க முடியவில்லை.

"ஆமா," என்றாள் ஐலா.

பென்ட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். "துளையில பனி பூத்திருக்கும். போய் வழிச்சு விட்டுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். காபியை அவர் தொடவே இல்லை.

ரீக்கா கடிதத்தை எடுத்தாள். ஒரு தடவை மடித்தாள், இன்னொரு தடவை மடித்தாள், அதற்கு மேல் மடிக்க வராதவரைக்கும் மடித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இனி எத்தனை நாள் பார்க்காமல் இருப்பாள் என்று ஐலாவுக்குத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாளா? அதற்கு முன்னால் ஒரு போனாவது பண்ணுவாளா? இதற்குச் சம்மதித்துத்தான் வாயைத் திறந்தாள். சம்மதித்தது இவ்வளவு வலிக்கும் என்றுதான் தெரிந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பென்ட்டி ஏரியின் மேல் நடந்துபோய்த் துளையோரம் முட்டி போட்டு உட்கார்ந்து, ஓட்டைக் கரண்டியால் பனித் துணுக்குகளை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார்.

மேஜையைப் பார்த்தபடியே ரீக்கா கேட்டாள்.

"என்ன பேசினார்?"

ஐலா இதற்குத் தயாராக இல்லை. டாக்டர் கேட்கவில்லை, யாருமே கேட்டதில்லை.

"தண்ணியைப் பத்தித்தான் ஆரம்பிச்சார்," என்றாள்.

"அவர் வேற எதைப் பத்தி ஆரம்பிப்பார்." ரீக்கா விரல் நகத்தைச் சுரண்டினாள். "அப்புறம்? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார். உனக்கு நீச்சல் கத்துக் கொடுத்ததைச் சொன்னார்."

"என்னன்னு?"

"அந்தக் கோடை முழுக்க உன் வயித்துக்குக் கீழ கையைக் கொடுத்துத் தாங்கிட்டிருந்தாராம். ஒரு நாள் கையை எடுத்துட்டாராம். உனக்குத் தெரியலையாம், நீ பாட்டுக்கு நீந்திட்டே போனியாம். 'எடுத்துட்டேன்னு நான் சொல்லல, சொன்னா முங்கிடுவா'ன்னார்."

இது ஐலா கரையில் நின்று கண்ணால் பார்த்தது. வெறுங்கையைத் தண்ணீருக்குள்ளேயே நீட்டியபடி, பெண் மிதவைக் கட்டை வரைக்கும் போய்த் திரும்பும் வரை ரைமோ அசையாமல் நின்றார். அப்போது என்ன நினைத்தார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் எப்போது எதைச் சொன்னார்?

ரீக்காவின் தோள் குலுங்கியது. பதினெட்டு நாளாக வராதது வந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி துடைத்துக்கொண்டாள், பிறகு துடைப்பதை விட்டுவிட்டாள். நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு ஒரு முழம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

ஐலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் சொன்ன ஒரு மணி நேரத்தில் இன்னும் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. கூடைக்குள் ஆகஸ்டிலிருந்து கிடந்த பாதி சாக்ஸை ஊசிகளோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்தை விரலால் தேடினாள்.